எண்ணுகிறோமா, பார்க்கிறோமா?

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருந்தால் கடைசி வரை படித்துவிடுங்கள். திட்டுவதாக இருந்தாலும் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

போன வாரம் என் பேத்தியின் பள்ளியில் "கல்விச் சுற்றுலா" போனார்கள். மாமல்லபுரம். கட்டணம் 1,950 ரூபாய். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் வந்த நிகழ்ச்சி நிரலை நானும் பார்த்தேன். காலை 11.15 முதல் 12 மணி வரை மாமல்லபுரம். பிறகு பகல் சாப்பாடு. 12.45 முதல் மாலை 5.30 வரை கேளிக்கைப் பூங்கா. 1984 இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த ஊருக்கு முக்கால் மணி நேரம். தண்ணீர்ச் சறுக்கலுக்கு நாலே முக்கால் மணி நேரம்.

வீட்டுக்கு வந்தவளிடம் கேட்டேன். "என்ன கண்ணு பார்த்தே?"

"பெரிய உருண்டைக் கல்லைத் தள்ற மாதிரி போட்டோ எடுத்தோம் தாத்தா."

"கடற்கரைக் கோயில்?"

"பஸ்லேர்ந்தே காமிச்சாங்க."

அவளைக் குறை சொல்ல மாட்டேன். பல்லவர் பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியவள்தான். குறை பெரியவர்களிடம் இருக்கிறது. அதில் முதல் குற்றவாளி நான் என்பதால் என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1994 ஜனவரி. மதுராந்தகம் பக்கம் ஒரு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியராக இருந்தேன். 52 பிள்ளைகள், ஒரு பேருந்து, ஒரே நாள், ஏழு இடம். வேடந்தாங்கல், திருக்கழுக்குன்றம், சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டை, மாமல்லபுரம், புலிக்குகை, முதலைப் பண்ணை, முட்டுக்காடு. அவ்வளவு இடம் காட்டுகிற வாத்தியார் என்று எனக்கே பெருமை. திருக்கழுக்குன்றத்தில் உச்சிப்பொழுதில் கழுகு வருமென்று அப்போது மக்கள் காத்திருப்பார்கள். எங்களுக்கு அதற்கு நேரமில்லை. இறங்கு, வரிசையில் நில், எண்ணு, ஏறு, எண்ணு. நாள் முழுக்க இதே வேலை.

மாமல்லபுரத்தில் "பத்து நிமிஷம் கடல்" என்று அனுமதி கொடுத்தேன். விசில் அடித்து எண்ணினால் 51. இன்னொரு முறை எண்ணினேன். 51. நான் மூன்றாம் முறை எண்ணிக்கொண்டிருந்தபோது, வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு மீனவர் எழுந்து ஓடி அலைக்குள் பாய்ந்தார். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனைத் தலைமுடியைப் பிடித்து இழுத்து வந்து மணலில் போட்டார். நல்லவேளை, பிழைத்துக்கொண்டான். அந்த மனிதர் என்னைப் பார்த்துக் கேட்டது இன்றைக்கும் காதில் இருக்கிறது.

"வாத்தியாரே, புள்ளைங்கள எண்ணிக்கினு நிக்கிறியா, பாத்துக்கினு நிக்கிறியா?"

முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்னமும் நாம் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறோம். பிள்ளைகளை எண்ணுகிறோம், இடங்களை எண்ணுகிறோம், போட்டோக்களை எண்ணுகிறோம். பார்ப்பது மட்டும் இல்லை.

"சார், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கல்லும் சிற்பமும் போரடிக்கும்" என்கிறார்கள். இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அடுத்த வருஷமே பார்த்துவிட்டேன். அந்த முறை மாமல்லபுரம் மட்டும்தான், வேறு இடமே கிடையாது. அர்ச்சுனன் தபசு என்று சொல்கிற பெரிய பாறைக்கு எதிரே பிள்ளைகளை உட்கார வைத்தேன். ஒரு வார்த்தையும் விளக்கவில்லை. "இருபது நிமிஷம் பாருங்க. பக்கத்தில் இருக்கிறவன் பார்க்காத ஒன்றைக் கண்டுபிடித்துச் சொல்லுங்க" என்றேன்.

பின்வரிசையில் உட்காரும் ஒரு பெண்தான் முதலில் கத்தினாள். "சார், பூனை! பூனை தவம் பண்ணுது! காலடியில எலிங்க!" ஒற்றைக்காலில் நிற்கும் முனிவரைப் பார்த்து, அதே மாதிரி கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் போலிச் சாமியார்ப் பூனை. அப்புறம் யாரையும் அடக்க முடியவில்லை. யானையின் காலுக்கு நடுவே குட்டிகள். பாறையின் பிளவில் நாகர்கள். "இது அர்ச்சுனனா, கங்கையைக் கொண்டுவந்த பகீரதனா?" என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள் என்றேன். பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து பேருந்து ஊர் வந்து சேரும் வரை சண்டை போட்டார்கள். போரடித்ததாக ஒருவனும் சொல்லவில்லை.

பக்கத்திலேயே கிருஷ்ண மண்டபம். ஒருவர் பால் கறக்க, பசு கன்றை நக்கிக்கொண்டு நிற்கிறது. மாடு வளர்க்கும் வீட்டுப் பிள்ளைகள் அதைவிட்டு நகரவில்லை.

இந்த ஊரில் சொல்லித்தர என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பாறையைக் குடைந்த மண்டபம், ஒரே கல்லை வெளிப்பக்கமிருந்து செதுக்கிய ரதம், கல்லை வெட்டி அடுக்கிக் கட்டிய கோயில். இந்த மூன்றையும் ஒரே ஊரில் நடந்தே பார்த்துவிடலாம். தமிழன் கல்லில் கோயில் எழுப்பக் கற்றுக்கொண்ட வழி அது. ரதங்களில் வேலை முடியாமல் நின்றுபோன பகுதிகளைக் காட்டினால், மேலிருந்து கீழே செதுக்கி வந்திருக்கிறார்கள் என்பதைப் பிள்ளையே கண்டுபிடிக்கும். சகாதேவ ரதத்தின் பின்பக்கம் யானையின் முதுகுபோல் வளைந்திருக்கும். பக்கத்திலேயே ஒரு கல் யானையும் நிற்கும். இரண்டையும் ஒருசேரப் பார்க்கும் பிள்ளைக்கு அந்த வடிவத்தை மனப்பாடம் செய்ய வேண்டிய அவசியமில்லை.

கடற்கரைக் கோயிலில் கடலைப் பார்த்து ஒரு சிவன், ஊரைப் பார்த்து ஒரு சிவன், நடுவில் பள்ளிகொண்ட பெருமாள். ராஜசிம்மன் கட்டி ஆயிரத்து முந்நூறு வருஷமாக உப்புக்காற்று அதைத் தின்றுகொண்டிருக்கிறது. மதில்மேல் இருக்கும் நந்திகளின் தேய்ந்த முகத்தைக் காட்டினால் அறிவியல் பாடமும் அங்கேயே முடிந்துவிடும். பேருந்து ஜன்னலிலிருந்து அந்த முகம் தெரியாது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சாளுவன்குப்பத்தைத் தாண்டித்தான் எல்லாப் பேருந்தும் போகிறது. 2004 சுனாமிக்குப் பிறகு அங்கே ஒரு பாறையில் கல்வெட்டு வெளிப்பட்டது. அதைத் துப்பாகக் கொண்டு தோண்டியபோது, மணலுக்கு அடியில் பழைய முருகன் கோயில் கிடைத்தது. அதன் செங்கல் அடித்தளம் சங்க காலத்தைச் சேர்ந்தது என்பது தொல்லியலாளர்களின் கருத்து. எத்தனை பேருந்து அங்கே நிற்கிறது?

ஊருக்குள் இன்றைக்கும் உளிச் சத்தம் கேட்கிறது. மாமல்லபுரம் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. குமரி முனையில் 133 அடி வள்ளுவரை எழுப்பிய கணபதி ஸ்தபதி, இந்த ஊர் சிற்பக் கல்லூரிக்கு முதல்வராக இருந்தவர். கல்தூசியில் உட்கார்ந்து வேலை செய்யும் ஒரு சிற்பியிடம் பத்து நிமிஷம் பேச வைத்தால் பிள்ளைக்கு மரியாதை என்றால் என்னவென்று புரியும்.

கேளிக்கைப் பூங்காவுக்கு நான் எதிரி இல்லை. பிள்ளைகள் தண்ணீரில் ஆடட்டும். ஆனால் அதற்கு "கல்விச் சுற்றுலா" என்று பெயர் வைக்காதீர்கள். பல்லவனின் பெயரைச் சொல்லிப் பணம் வாங்கிக்கொண்டு சறுக்கு மரத்தில் விடுவது நேர்மையில்லை.

பெற்றோர்களே, அடுத்த சுற்றறிக்கை வரும்போது மூன்று கேள்வி கேளுங்கள்.

1. ஒவ்வொரு இடத்திலும் எவ்வளவு நேரம்?

2. அந்த இடத்தைப் பற்றிப் பேசப் போவது யார்? அவர் முன்கூட்டியே ஒருமுறை போய்ப் பார்த்தாரா?

3. கடலில் இறக்குவீர்களா? இறக்கினால் நீச்சல் தெரிந்தவர் எத்தனை பேர் கூட நிற்பார்கள்? பதில் இல்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள். மாமல்லபுரம் கடல் குளிக்கிற கடல் அல்ல.

செலவு என்று யாரும் சொல்ல வேண்டாம். கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதத்துக்கும் சேர்த்துப் பெரியவர்களுக்கு 40 ரூபாய். 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணமே கிடையாது. தபசுப் பாறையைத் தெருவில் நின்றே பார்க்கலாம். 1,950 ரூபாய் எங்கே போனது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

வருகிற இரண்டாம் சனிக்கிழமை நான் பேத்தியைக் கூட்டிக்கொண்டு அரசுப் பேருந்தில் போகிறேன். காலை ஏழு மணிக்குத் தபசுப் பாறை எதிரே இருப்போம். வர விரும்புகிறவர்கள் பிள்ளைகளோடு வாருங்கள். தொப்பி, தண்ணீர், ஒரு நோட்டு, பென்சில் போதும். பூனை எங்கே இருக்கிறது என்று பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள்.