பாவநிவாரண பலி எதனைச் சுத்திகரித்தது?

இஸ்ரவேலன் தன் பாவத்திற்கு விலையாக ஓர் ஆட்டைக் கொடுத்துக் கடவுளின் கோபத்தைத் தணித்தான் என்று சொல்லி அமைவார் பலர். லேவியராகமத்தின் 4, 5 ஆம் அதிகாரங்களை ஊன்றிப் படிப்பார்க்கு இக்கூற்றுப் பொருந்தாமை விளங்கும்.

முதற்கண், பெயரே நம்மை மயக்குகின்றது. 'ஹட்டாத்' என்னும் எபிரெயச் சொல் பாவத்தையும் குறிக்கும், அதற்குரிய பலியையும் குறிக்கும். ஆயினும், மகவீன்ற தாயும், விரதம் நிறைவேற்றிய நசரேயனும் இப்பலியைச் செலுத்தல் வேண்டுமென்பது விதி. பிள்ளை பெற்றவள் செய்த பாவம் யாது? பிழைத்தவனுக்கு 'மன்னிக்கப்படும்' என்னும் வேதம், அவளைக் குறித்துச் 'சுத்தமாவாள்' என்றே கூறுகின்றது. ஜேக்கப் மில்கிரோம் என்னும் யூத அறிஞர் 1971-இல் வெளியிட்ட கட்டுரையில், இதனைச் சுத்திகரிப்புப் பலி என்றலே தகும் என வாதித்தார். அவர் காட்டும் சான்று வலியது. இப்பலியின் இரத்தம் அதனைச் செலுத்தினவன்மேற் பூசப்படுவதில்லை. பலிபீடத்தின் கொம்புகளிலேயே பூசப்படும். மாந்தர் பிழையால் தேவசந்நிதானத்திற் படியும் மாசே நீக்கப்படுகின்றது என்பது அவர் துணிபு. யானும் அதனையே கொள்கின்றேன்.

பொதுஜனங்களுள் ஒருவன் அறியாமற் பிழைத்தாற் பெண்வெள்ளாடு ஒன்று போதும். அதன் இரத்தம் முற்றத்திலுள்ள தகனபலிபீடத்தோடு நின்றுவிடும். பிரபுவுக்கு வெள்ளாட்டுக்கடா. அபிஷேகம் பெற்ற ஆசாரியன் பிழைத்தாலோ, காளையின் இரத்தத்தை உள்ளே கொண்டுபோய்த் திரைக்கு எதிரே ஏழுதரம் தெளித்துத் தூபபீடத்தின் கொம்புகளிற் பூசல் வேண்டும். சபை முழுதும் பிழைத்தாலும் அவ்வாறே. உயர்ந்தோன் பிழை உள்ளே ஊடுருவுகின்றது! பெரியோர் பிழையை மூடி எளியோர் பிழையைத் தூற்றும் உலகவழக்கு எங்கே, இவ்விதி எங்கே?

இரு புறாக்குஞ்சுகளுக்கும் வகையற்ற ஏழை, எப்பா அளவில் பத்தில் ஒரு பங்கு மெல்லிய மாவைக் கொண்டுவரலாம். எண்ணெயும் தூபவர்க்கமும் வேண்டா. அவனுக்கும் மன்னிப்பு உண்டு. இரத்தத்தை விலையென்று கருதுவோர் இம்மாவிற்கு என்ன விடை கூறுவர்?

துணிகரமாய்ப் பாவஞ்செய்தவனுக்கு இப்பலியே இல்லை என்கிறது எண்ணாகமம் 15 ஆம் அதிகாரம். அத்தகைய மீறுதல்களின் மாசு மகா பரிசுத்த ஸ்தலம்வரை எட்டுதலின், பிரதான ஆசாரியன் ஆண்டிற்கு ஒருநாள் திரைக்குட் சென்று அதனை நீக்குவான். பிறன்பொருளை வஞ்சித்துப் பின் குற்றமுணர்ந்தவனோ, முதலையும் அதனோடு ஐந்திலொரு பங்கையும் உடையவனுக்குக் கொடுத்து, குற்றநிவாரண பலியாக ஓர் ஆட்டுக்கடாவையும் கொண்டுவரக் கடவன். பலிபீடத்தண்டை வருபவனை அவன் அயலானின் வாசலுக்கும் அனுப்புகின்றது இச்சட்டம்.