வெடிச் சத்தத்துக்கு அசையாத நாய்!

"நம்ம ஊர்ல பத்தாயிரம்வாலா வெடிச்சாக்கூட இவன் அசைய மாட்டான் சார். அவ்வளவு தைரியம்!"

ராஜபாளையம் நாய் விற்கிறவர் யாராவது உங்களிடம் இப்படிப் பெருமை பேசினால், தயவுசெய்து பர்ஸைத் திறக்காதீர்கள். அது தைரியமாகவும் இருக்கலாம், காது கேட்காததாகவும் இருக்கலாம். என் பந்தயம் இரண்டாவதன் மேல்தான்.

விருதுநகர் மாவட்டத்தை வெளியூர்க்காரர்கள் இரண்டு விஷயத்தால் அறிவார்கள். ஒன்று, சிவகாசிப் பட்டாசு. இன்னொன்று, நாய். ராஜபாளையம் இந்த மாவட்டம், சிப்பிப்பாறையும் இந்த மாவட்டம்தான். 2005 ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை நாலு நாய்களுக்குத் தபால் தலை வெளியிட்டபோது, ஹிமாலயன் ஷீப்டாக், ராம்பூர், முதோல் ஆகிய இனங்களோடு நம்ம ராஜபாளையமும் அதில் இருந்தது. 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு நாட்டு மாடு, நாட்டுக் கோழி, நாட்டு நாய் என்று ஒரு அலையே அடித்தது. 2020 ஆகஸ்டில் பிரதமர் தன் வானொலிப் பேச்சில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பேர் சொல்லி, 'நாய் வளர்ப்பதென்றால் நம் நாட்டு இனத்தை வளருங்கள்' என்கிற மாதிரி சொன்னார்.

நல்ல விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால், வாங்க ஆள் இருக்கிறது என்று தெரிந்ததும் நம் ஆட்கள் என்ன செய்வார்கள்? வீட்டில் ஒரு பொட்டை நாய் இருக்கும். பக்கத்துத் தெருவில் ஒரு கடுவன் இருக்கும். "ஒரே ஒரு ஈத்து எடுத்துப் பார்ப்போமே!"

இந்த 'ஒரே ஒரு ஈத்து'தான் இந்த வாரம் என் எதிரி.

முதலில் காது விவகாரம். ராஜபாளையம் நாய்க்கு அழகே பால் வெள்ளை உடம்பும் ரோஸ் கலர் மூக்கும்தான். அந்த வெள்ளைக்கு ஒரு விலை இருக்கிறது. தோலுக்கு நிறம் கொடுக்கிற செல்கள் காதின் உட்புறத்திலும் இருக்க வேண்டும். அவை அங்கே இல்லாமல் போனால், பிறந்த சில வாரங்களுக்குள் சத்தத்தை உணரும் நுண்ணிய செல்கள் செத்துவிடும். அப்புறம் எந்த மருந்தும் அவற்றைத் திருப்பித் தராது. டால்மேஷன் நாய்க்கும் இதே வியாதிதான். அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான டால்மேஷன்களைச் சோதித்துப் பார்த்ததில், 100க்குச் சுமார் 30 நாய்களுக்கு ஒரு காதோ இரண்டு காதுமோ கேட்கவில்லை.

இதில் ஆபத்து எங்கே இருக்கிறது தெரியுமா? இரண்டு காதும் செவிடான குட்டியிடம் அல்ல. அதை எப்படியும் ஒருநாள் கண்டுபிடித்துவிடலாம். ஒரு காது மட்டும் செவிடான குட்டி கூப்பிட்டால் வரும், கை தட்டினால் திரும்பும். உங்களுக்குச் சந்தேகமே வராது. மூளைக்குப் போகும் மின் அலையை அளக்கிற 'பேயர்' பரிசோதனை ஒன்றுதான் அதைக் காட்டிக்கொடுக்கும். அந்த நாயை நீங்கள் தாராளமாக இணை சேர்ப்பீர்கள். அதன் குறை அடுத்த ஈத்துக்குப் போகும். வாங்கியவர் அதிலிருந்து இன்னொரு ஈத்து எடுப்பார். சரவெடிக்குத் திரி கிள்ளியாகிவிட்டது!

"நாங்க என்ன விக்கவா செய்றோம்? இனம் அழிஞ்சு போயிடக் கூடாதுன்னுதானே பண்றோம்!" என்று ஒரு கோஷ்டி சண்டைக்கு வரும். இந்த வாதத்துக்கு மரியாதையோடு பதில் சொல்ல வேண்டும். ஏனென்றால் இதைச் சொல்கிறவர்களில் பலர் நிஜமாகவே நாயை நேசிக்கிறவர்கள்.

ஐயா, இனம் என்பது எண்ணிக்கை மட்டும் இல்லை. ஊரில் பேர் போன ஒரே ஒரு கடுவனை எல்லாப் பொட்டை நாய்க்கும் சேர்த்து 200 குட்டி எடுத்தால், தலை 200 இருக்கும், ரத்தம் ஒன்றுதான் இருக்கும். அடுத்த தலைமுறையில் அண்ணனும் தங்கையும், அப்பனும் மகளும் தெரியாமலே சேரும். அப்பனையும் மகளையும் சேர்த்தால், பிறக்கிற குட்டியின் மரபணுக்களில் சராசரியாகக் கால்வாசி இடங்களில் இரண்டு பிரதியும் ஒரே அச்சாக இருக்கும். அதுவரை ஒளிந்திருந்த நோயெல்லாம் அந்தக் கால்வாசியில்தான் தலைகாட்டும். அதனால், இனத்தைக் காப்பாற்றுகிறவர் முதலில் நோட்டு போட வேண்டும். தாய் யார், தகப்பன் யார், தாத்தா யார்? சென்னையில் தலைமையகம் வைத்திருக்கும் கெனல் கிளப் ஆஃப் இந்தியா வம்சாவளிப் பதிவு செய்கிறது. அதைச் செய்யாமல், "எங்க நாய் பாளையக்காரர் காலத்து வம்சம் சார்" என்றால் என்ன அர்த்தம்? தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்!

முயல் என்றதும் ஞாபகம் வருகிறது. குழந்தை கேட்டது என்று ஜோடியாக வெள்ளை முயல் வாங்கிப் போகிறீர்களே, அதுவும் இதே கதைதான், இன்னும் வேகமாக. முயலுக்குக் கர்ப்ப காலம் சுமார் 31 நாள். குட்டி போட்ட அன்றே மறுபடி சினை பிடிக்கவும் அதனால் முடியும். நாலு மாதத்தில் கூண்டு நிரம்பிவிடும். 'கொண்டுபோய்க் காட்டில் விட்டுடலாம்' என்பார் வீட்டுத் தலைவர். கடையில் விற்கிற முயல் ஐரோப்பிய வம்சம். நம் கரிசல் காட்டில் ஓடுகிற முயல் வேறு இனம். கூண்டு முயலைக் காட்டில் விடுவது விடுதலை இல்லை சார், நாய்க்கும் பருந்துக்கும் விருந்து.

நாய்க்கு வருவோம். நான் படித்தது பி.காம். எனவே கணக்குப் பார்க்காமல் விட மாட்டேன்.

ஒரு ஈத்தில் 7 குட்டி என்று வைத்துக்கொள்வோம். 8 வாரம் உங்கள் வீட்டில் இருக்கும். ஒரு குட்டிக்கு 56 நாள், ஏழுக்கும் சேர்த்து 392 நாள் பராமரிப்பு. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை பூச்சி மருந்து. ஆறாவது வாரத்திலிருந்து பார்வோ மாதிரியான நோய்களுக்குத் தடுப்பூசி ஆரம்பிக்க வேண்டும். அது ஒரு ஊசியோடு முடியாது. தாய்க்குப் பால் கொடுக்கிற காலத்தில் வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு தீனி. பிரசவம் சிக்கலானால் ராத்திரி ரெண்டு மணிக்கு ஆபரேஷன். இதெல்லாம் வரவு செலவுப் பக்கம்.

பேலன்ஸ் ஷீட்டுக்குக் கீழே பொடி எழுத்தில் 'கன்டின்ஜென்ட் லயபிலிட்டி' என்று ஒன்று போடுவார்கள். இப்போது கடன் இல்லை, நாளைக்கு வந்து தலையில் விழலாம் என்று அர்த்தம். ஒரு நாய் 10 வருஷம் வாழும் என்றால், 7 குட்டிக்கு 70 வருஷம். அந்த 70 வருஷத்தில் எந்த நாளிலும், 'வீடு மாறுகிறோம்', 'கடிக்குது', 'குழந்தை பிறந்திருக்கு' என்று ஒருவர் உங்கள் வாசலில் வந்து நிற்கலாம். திருப்பி வாங்கிக்கொள்வீர்களா? இல்லையென்றால் அந்த நாய் எங்கே போகும்? தெருவுக்குத்தான். ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் ஓடுவதற்கென்றே உருவான நாய்கள். சென்னையில் மூன்றாவது மாடி ஃப்ளாட்டில் கட்டிப்போட்டால் குணம் கெடாமல் என்ன செய்யும்? 2025 ஆகஸ்டில் தெருநாய்ப் பிரச்னையை உச்ச நீதிமன்றமே கையில் எடுத்து உத்தரவு மேல் உத்தரவு போட்டதே... அந்தத் தெருவில் நிற்கிற நாய்களில் சிலது, யாரோ ஒருவர் ஆசைப்பட்டு எடுத்த 'ஒரே ஒரு ஈத்து'.

இன்னொரு வசனம் உண்டு. "பொட்டை நாய் ஒரு தடவையாவது குட்டி போட்டாத்தான் சார் உடம்புக்கு நல்லது." மருத்துவத்தில் இதற்கு ஆதாரம் கிடையாது. குட்டி போட்டதாலேயே எந்த நோயும் விலகிப் போவதில்லை. மாறாக, கருத்தடை செய்யாத பொட்டை நாய்களுக்கு வயதான பிறகு கர்ப்பப்பையில் சீழ் பிடிப்பது சகஜம். உயிருக்கே ஆபத்தான நோய் அது. கருத்தடை ஆபரேஷன் அதைத் தடுக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது? நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனைக்கு என்று மத்திய அரசு 2017லேயே விதிகள் போட்டுவிட்டது. விற்பதற்காகக் குட்டி எடுப்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். 18 மாதம் ஆகாத பொட்டை நாயை இணை சேர்க்கக் கூடாது. 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. உங்களுக்குத் தெரிந்த எத்தனை பேர் பதிவு செய்திருக்கிறார்கள்? விரல் விட்டு எண்ணுங்கள். விரல் மிச்சம் இருக்கும்.

சிவகாசிக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் வைத்துக் கருந்திரி செய்தால் போலீஸ் வரும். ஏன்? திரி செய்வது பாவம் என்பதாலா? இல்லை. ஒரு பொறி விழுந்தால் செய்கிறவர் மட்டும் சாக மாட்டார், பக்கத்து வீடும் சேர்ந்து எரியும் என்பதால். எத்தனை மரணங்களைப் பார்த்த மாவட்டம் இது! பெருகக்கூடிய எதையும் அலட்சியமாகக் கையாளக் கூடாது என்று இந்த மண்ணுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. நாய்க்கு மட்டும் அந்தப் புத்தி ஏன் வேலை செய்வதில்லை? வெடிக்கிற சத்தம் கேட்காது, அவ்வளவுதான்.

அப்படியானால் யாருமே குட்டி எடுக்கக் கூடாதா? எடுக்கலாம். எடுக்கவும் வேண்டும். முறையாக எடுக்க ஆளில்லாமல் போனால் நாட்டு இனம் நிஜமாகவே அழிந்துவிடும். ஆனால், மூன்று கேள்விக்குப் பதில் வைத்துக்கொண்டு எடுங்கள்.

ஒன்று, தாய் தகப்பன் இரண்டுக்கும் இரண்டு காதும் கேட்கிறதா, சோதித்த சான்று இருக்கிறதா? இரண்டு, இரண்டும் ரத்த சம்பந்தம் இல்லாதவை என்பதற்கு எழுத்தில் ஆதாரம் உண்டா? மூன்று, எத்தனை வருஷம் கழித்துத் திரும்பி வந்தாலும் அந்த நாயை ஏற்றுக்கொள்வேன் என்று வாங்குபவருக்குக் கையெழுத்துப் போட்டுத் தருவீர்களா? மூன்றில் ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும், கால்நடை மருத்துவரிடம் போய்க் கருத்தடை செய்துவிட்டு, இருக்கிற நாயைக் கொஞ்சுங்கள். அதற்கு எந்த நஷ்டமும் இல்லை.

வாங்குகிறவர்களுக்கும் சொல்ல வேண்டும். உடம்பில் புள்ளி இருக்கிற குட்டியை மட்டமாகப் பார்ப்பதை நிறுத்துங்கள். நீங்கள் 'சுத்த வெள்ளைதான் வேணும்' என்று அடம்பிடிக்கிற வரை, விற்கிறவர் வெள்ளைக்கும் வெள்ளைக்கும்தான் முடிச்சுப் போடுவார். தாயைக் காட்டாமல் குட்டியை மட்டும் கூடையில் வைத்து நீட்டினால் திரும்பி வந்துவிடுங்கள்.

அரசாங்கத்துக்கு ஒரே ஒரு வேண்டுகோள். தபால் தலை வெளியிட்டாயிற்று, வானொலியில் பாராட்டியாயிற்று. திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கிருந்து மாதம் ஒருநாள் ஒரு காது பரிசோதனைக் கருவியை வேனில் ஏற்றி ராஜபாளையத்துக்கு அனுப்பிவையுங்கள். அந்த நாய்க்கு இன்னொரு தபால் தலை வேண்டாம். காது கேட்டால் போதும்.