ஏரிகளுக்குப் போவோம், இரவுப் பேருந்தில் அன்று



ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களை ஒட்டி வரும் ஒருவார விடுமுறை நெருங்கும்போதெல்லாம் நம் தமிழ்ப்பள்ளிகளில் சுற்றுலாப் பேச்சு எழுகிறது. அப்பேச்சு தொடங்கும் விதமும் முடியும் விதமும் மாறுவதே இல்லை. முகவர் ஒருவர் வண்ணத்தாள் ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் விரிப்பார். நீர்விளையாட்டுப் பூங்கா ஒன்று, பேரங்காடி ஒன்று, நினைவுப்பொருள் கடை ஒன்று. தலைக்கு இத்தனை வெள்ளி. இரவு 11 மணிக்குப் பள்ளி வாசலில் பேருந்து வந்து நிற்கும். விடியும்போது ஊர் போய்ச் சேரலாம், ஓர் இரவு விடுதிக் கட்டணம் மிச்சம் என்பார். கூட்டத்தில் உள்ள அனைவரும் தலையாட்டுவார்கள். ஐந்து நிமிடத்தில் திட்டம் முடிந்துவிடும். நாற்பது பிள்ளைகளின் பயணத்தைத் திட்டமிட ஐந்து நிமிடம்! வருடாந்திரக் கூட்டத்துச் சிற்றுண்டிக்கு இதைவிட அதிக நேரம் செலவிடுகிறோம்.

இவ்வழக்கத்தை நான் எதிர்க்கிறேன். எதிர்ப்பது சுற்றுலாவை அன்று. அதை நாம் விலைகொடுத்து வாங்கும் முறையை.

அண்மைக் காலமாகச் சில இளம் பெற்றோர் வேறொரு பேச்சைக் கொண்டுவருகின்றனர். கேரவன் வண்டியை வாடகைக்கு எடுத்து, வடக்கே ஏரிகளைச் சுற்றி, வண்டியிலேயே சமைத்து, வண்டியிலேயே படுத்து வரலாமே என்கிறார்கள். உடனே எழும் சிரிப்பையும் கேட்டிருக்கிறேன். "அதெல்லாம் வெள்ளைக்காரன் செய்யுற வேலை, நமக்கு எதுக்கு?" என்பதே பெரும்பாலோர் விடை.

மிச்சிகன், மினசோட்டா போன்ற அமெரிக்க மாநிலங்களில் கோடையின் கடைசி வாரங்களில் ஏரிகளைச் சுற்றுவது பல குடும்பங்களின் வழக்கம் என்பது உண்மைதான். அங்கே அதற்குக் காரணம் உண்டு. கோடை முழுதும் வெயில் பட்ட ஏரிநீர் அப்போதுதான் குளிக்கும்படி இருக்கும்; கொசுத்தொல்லை குறைந்திருக்கும்; பள்ளி திறந்துவிட்டால் மறுபடியும் வாய்ப்பில்லை. நம் நாட்டில் கோடை என்று ஒரு பருவம் இல்லை. ஆயினும் நமக்கும் காரணம் உண்டு. ஆண்டிறுதிப் பெருமழை தொடங்குவதற்கு முந்தைய வாரங்கள் இவை. மலேசியாவில் காணப்படும் பத்து வகை இருவாட்சிப் பறவைகளும் வாழும் காடு பெலும் தெமெங்கோர். அவற்றுள் ஒருவகை கூட்டங்கூட்டமாக ஏரிக்கு மேலே பறந்து செல்வதைக் காணும் காலமும் இதுவே. எந்தப் பூங்காவில் நுழைவுச்சீட்டு வாங்கினால் இது கிடைக்கும்?

வெள்ளைக்காரன் வேலை என்று சொல்வோருக்கு ஒரு சொல். செட்டிநாட்டிலிருந்து பழனிக்குக் காவடியோடு நடந்தவர்களுக்குத் துணையாக மாட்டுவண்டிகள் சென்றதை அறியீர்களா? இந்நாட்டிலேயே, தைப்பூசத்துக்குத் தோட்டத்து லாரியில் தார்ப்பாய் கட்டி, அண்டா, அரிசி மூட்டை, பாய், பிள்ளை குட்டி எல்லாம் ஏற்றிச் சென்று, மரத்தடியில் கல்லடுப்பு மூட்டிச் சமைத்து, அங்கேயே படுத்து எழுந்தவர்கள் நம் தாத்தா பாட்டிமார். அதற்குப் பெயர் முகாம் இல்லாமல் வேறென்ன? ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தோட்டத்து லயங்கள் காலியாகி, நாம் தாமான் வீடுகளுக்குப் பெயர்ந்தபின் அந்தப் பழக்கமும் போயிற்று. போனதை அடுத்தவன் சொத்து என்று நாமே எழுதிக்கொடுப்பது வேடிக்கை.

தெலுக் இந்தான் பிள்ளைகளுக்கு அந்த ஏரிகள் அயலிடமும் அல்ல. நம் ஊரை வளைத்துக்கொண்டு ஓடும் பேராக் ஆறு எங்கிருந்து வருகிறது என்று ஐந்தாம் ஆண்டு மாணவனைக் கேட்டுப் பாருங்கள். "மலையிலிருந்து" என்பான். எந்த மலை? தாய்லாந்து எல்லையோரத்துப் பெலும் காட்டில் பிறந்து, தெமெங்கோர், பெர்சியா, கெனெரிங், செண்டெரோ என்னும் நான்கு அணைகளில் அடுத்தடுத்துத் தேங்கி, கோலகங்சார், பாரிட், போத்தா, கம்போங் காஜா வழியாக இறங்கி வந்துதான் அது நம் ஊரைத் தொடுகிறது. 1885இல் கட்டப்பட்ட நம் சாய்ந்த கோபுரம் அடிப்படையில் ஒரு தண்ணீர்த்தொட்டி என்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொடுக்கிறோம். தண்ணீர் வரும் வழியைக் காட்டுவதில்லை.

ஆற்றை எதிர்த்தே பயணத்தை அமைத்தால் ஒவ்வொரு நிறுத்தமும் ஒரு பாடமாகும். கம்போங் காஜா பக்கம் பாசிர் சாலாக். 1875 நவம்பரில் பேராக்கின் முதல் பிரிட்டிஷ் ரெசிடென்ட் பர்ச் கொல்லப்பட்ட ஆற்றங்கரை அது. கோலகங்சாரைத் தாண்டினால் 1930இல் முடிக்கப்பட்ட செண்டெரோ அணை. கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களுக்கு மின்சாரம் கொடுத்தது. அடுத்து லெங்கோங், 2012இல் யுனெஸ்கோ உலக மரபிடமாக அறிவிக்கப்பட்ட பள்ளத்தாக்கு. பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் புதைக்கப்பட்ட 'பேராக் மனிதனின்' எலும்புக்கூடு அங்குள்ள குகையொன்றில்தான் கிடைத்தது. பிறகு கிரிக், அதன்பின் பாண்டிங் தீவும் தெமெங்கோர் ஏரியும். ஏறத்தாழ 15,000 ஹெக்டர் பரப்பு. தீபகற்பத்தில் கென்யிருக்கு அடுத்த பெரிய ஏரி இதுவே.

இந்த ஏரியிடம் சற்று நிற்க வேண்டும். 1970களில் அணை கட்டி நீரைத் தேக்கியபோது மூழ்கியது காடு மட்டும் இல்லை. தெமியார், ஜஹாய் பூர்வகுடியினரின் குடியிருப்புகளும் மூழ்கின. அவர்கள் வேறிடங்களில் குடியமர்த்தப்பட்டனர். தண்ணீருக்கு மேலே கரிய குச்சிகளாக நிற்கும் பட்டமரங்களைக் காட்டி இதைச் சொன்னால், தோட்டம் துண்டாடப்பட்டு லயத்தைக் காலிசெய்த குடும்பத்துப் பிள்ளைக்கு விளக்கவுரை வேண்டுமா? தன் பாட்டியின் கதையை அவன் வேறு மொழியில் கேட்பான். திரும்பும் வழியில் நேரமிருந்தால் புக்கிட் மேராவையும் பார்க்கலாம். கிரியான் வயல்களுக்கு நீர் பாய்ச்ச 1906இல் முடிக்கப்பட்ட தேக்கம் அது. அதே கிரியான் வட்டாரத்தின் கரும்புத் தோட்டங்களில்தான் நம்மவர்கள் ஒப்பந்தக் கூலிகளாக உழைத்தனர்.

இனி, நான் இதை எழுதத் தூண்டிய செய்திக்கு வருகிறேன்.

பாண்டிங் தீவின் வழியே செல்லும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில், 2025 ஜூன் 9ஆம் நாள், நள்ளிரவு கடந்து ஏறத்தாழ ஒரு மணிக்கு, ஜெர்த்தேயிலிருந்து தஞ்சோங் மாலிம் நோக்கி வந்துகொண்டிருந்த பேருந்து கவிழ்ந்தது. சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர் 15 பேர் மாண்டனர். நாளைய ஆசிரியர்களை உருவாக்கும் பல்கலைக்கழகம் அது. அச்செய்தியைப் படித்து நாம் அனைவரும் கலங்கினோம், இரங்கல் எழுதினோம். பிறகு, அடுத்த சுற்றுலாத் தாளில் "புறப்பாடு: இரவு மணி 11" என்றிருந்ததைக் கண்டும் கையொப்பமிட்டோம்.

பகலில் விபத்து நடவாதா என்று கேட்பீர்கள். நடக்கும். அதற்கு முந்தைய மாதம், மே 13 காலையில், நம் தெலுக் இந்தானிலேயே சித்திரைத் திருவிழாக் காவல் பணி முடித்துத் திரும்பிய கலகத் தடுப்புப் படையினர் ஒன்பது பேர் லாரி மோதி உயிரிழந்ததை நம்மால் மறக்க முடியுமா? சாலை எந்நேரமும் சாலைதான். லாரியின் தடை நம் கையில் இல்லை. ஆனால் நம் ஓட்டுநர் தூங்கி எழுந்தவரா, நம் பிள்ளை இருக்கைப் பட்டை அணிந்திருக்கிறதா, வண்டி எத்தனை மணிக்குப் புறப்படுகிறது என்ற மூன்றும் நம் கையில் உள்ளன. அவற்றையும் முகவரிடம் கொடுத்துவிட்டு விதியை நோவதில் பொருளில்லை.

அந்தச் சாலையின் தன்மை வேறு. மூடுபனி இறங்கும், வளைவுகள் மிகுதி, இரவில் யானைகள் சாலைக்கு வரும். 1982இல் திறக்கப்பட்டபோது, கம்யூனிஸ்டுப் போராட்டக் காலமாதலால், அதில் பகலில் மட்டுமே வண்டிகள் செல்ல அனுமதி இருந்தது. ஊரடங்கு நீங்கியது; யானையும் பனியும் நீங்கவில்லை. ஒரு விடுதிக் கட்டணத்தை மிச்சம் பிடிக்க அவ்வழியில் நள்ளிரவில் பிள்ளைகளை ஏற்றிச்செல்வது சிக்கனம் ஆகாது.

கேரவன் பேச்சை நான் வரவேற்பதற்கு முதற்காரணம் இதுவே. படுக்கை வண்டியிலேயே இருப்பதால் இருட்டுவதற்குள் எங்கேனும் நின்றுவிடலாம். தெலுக் இந்தானிலிருந்து பாண்டிங் வரை முந்நூறு கிலோமீட்டருக்குள்தான். முதல் நாள் லெங்கோங்கோடு நிறுத்திக்கொண்டால் என்ன குறைந்துவிடும்?

எல்லாராலும் கேரவன் எடுக்க முடியாது என்பதை அறிவேன். நான்கைந்து பேர் படுக்கும் வண்டிக்கு ஆகும் வாடகையை மாதச் சம்பளக்காரர் ஒருவர் தனியே தாங்குவது கடினம். மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரு வண்டி எடுத்து, அதைச் சமையலறையாகவும் முதியோர் படுக்கையாகவும் வைத்துக்கொண்டு, மற்றவர்கள் கூடாரம் அடிக்கலாம். வாடகை வேனும் கூடாரமும் மட்டுமே போதும் என்றாலும் சரி. வண்டியின் பெயரைப் பற்றி எனக்குக் கவலையில்லை.

திட்டமிடுவதைப் பிள்ளைகளிடம் கொடுங்கள் என்பது என் அடுத்த வேண்டுகோள். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. ஆனால் விடுமுறைப் பயிற்சித்தாள்களை மட்டும் யாராலும் நீக்க முடியவில்லை. அத்தாள்களை ஒரு வாரம் மூடிவைத்து, சுவரில் பேராக் வரைபடத்தை ஒட்டுங்கள். எத்தனை கிலோமீட்டர், எத்தனை லிட்டர் டீசல், இன்றைய விலைக்கு எவ்வளவு? 2024 ஜூனில் தீபகற்பத்தில் டீசல் விலை ஏற்றப்பட்டது ஏன் என்பதும் அக்கணக்கில் வரும். பன்னிரண்டு பேருக்கு மூன்று நாளைக்கு அரிசி எத்தனை கிலோ? ரோயல் பெலும் மாநிலப் பூங்காவுக்குள் நுழைய முன்கூட்டியே அனுமதி பெறவேண்டும். அவ்விண்ணப்பத்தை மலாயில் ஆறாம் ஆண்டு மாணவி எழுதட்டும், பயணக்குறிப்பைத் தமிழில் எழுதட்டும். முகவரின் வண்ணத்தாளில் இவற்றுக்கு இடமேது?

அச்சங்களை நான் தள்ளிவிடவில்லை. நம் பிள்ளைகளில் பலருக்கு நீச்சல் தெரியாது. ஆற்றங்கரை ஊரில் வாழ்ந்துகொண்டு இப்படி இருப்பது தனியே எழுதவேண்டிய வெட்கக்கேடு. ஏரியில் கரையை விட்டுச் சிறிது விலகினாலே ஆழம், நீருக்கடியில் மரக்கிளைகள். ஆகவே படகேறும் முன்னர் உயிர்காப்பு அங்கி கட்டாயம். பிள்ளைகள் ஏரியில் குளிக்க வேண்டா. அருவியோடைகளில் மலாய்க்காரர் 'கெப்பாலா ஆயர்' என்று சொல்லும் திடீர்ப் பெருக்கு வரும். மேலே மழை பெய்தால் கீழே நமக்குத் தெரியாது. எலிக்காய்ச்சல் உண்டு, ஆதலால் காலில் புண்ணிருந்தால் நீரில் இறங்கக்கூடாது. கேரவன் கழிவுத்தொட்டியை ஏரியோரம் திறந்துவிடும் 'நாகரிகம்' யாரிடமேனும் இருந்தால் அவரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். அங்கே கொட்டுவது இங்கே நம் படித்துறைக்கு வரும். பூர்வகுடிச் சிற்றூருக்குச் சென்றால் கேட்காமல் படம் எடுக்க வேண்டா. அது விலங்குக்காட்சிச்சாலை அன்று.

எங்கள் பள்ளியில் அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்கு இவ்வரைவைக் கொண்டுசெல்ல இருக்கிறேன். நீர்விளையாட்டுப் பூங்காவே வேண்டுமெனப் பெரும்பான்மையோர் வாக்களித்தால் அதற்கும் உடன்படுவேன். பூங்காவுக்குச் செல்வது குற்றமில்லை. ஆனால் எந்தத் தாளாயினும், அதில் "புறப்பாடு" என்ற கட்டத்தில் காலை 7 மணிக்கு முந்திய நேரமும், "ஊர் திரும்புதல்" என்ற கட்டத்தில் மாலை 7 மணிக்குப் பிந்திய நேரமும் எழுதப்பட்டிருந்தால், பொறுப்பாசிரியர் என்ற இடத்தில் என் கையொப்பம் இராது.