பெயரைச் சரியாகச் சொல்லச் சொன்னால் மட்டும் போதுமா?



ஒவ்வொரு செப்டெம்பரிலும் கனடியப் பல்கலைக்கழக வளாகங்களில் "என் பெயரைச் சரியாகச் சொல்" என்ற பிரசாரம் வந்துவிடும். பெயரையும் அதன் ஒலிப்பையும் எழுதிய அட்டையைச் சட்டையில் குத்திக்கொள்கிறோம். வகுப்பில் இருக்கிறவைக்கு 'ழ' சொல்லிக் குடுக்கிறோம். நல்ல விஷயம்தான், நானும் குத்தியிருக்கிறேன். ஆனால் அது பாதிக் கேள்வியை மட்டும்தான் கேட்கிறது. மற்றவை எங்கட பெயரை என்ன செய்கினம் என்று கேட்கிறோம். நாங்கள் பெயரை வைத்து ஒருவரை ஒருவர் என்ன செய்கிறோம் என்று கேட்பதில்லை.

முதல் பாதியையே ஒழுங்காகக் கேட்கிறோமா? பொருளியலாளர் பிலிப் ஒரியோபொலஸ் ரொறொன்ரோப் பகுதியில் ஆயிரக்கணக்கான போலி விண்ணப்பங்களை அனுப்பிச் செய்த ஆய்வு 2011இல் வெளியானது. அதே கனடியப் படிப்பு, அதே அனுபவம், பெயர் மட்டும் வேறு. ஆங்கிலப் பெயர்களுக்கு வந்த நேர்முக அழைப்புகள், சீன, இந்திய, பாகிஸ்தானியப் பெயர்களுக்கு வந்ததைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அதிகம். அந்த முதலாளிகள் யாரும் பெயரை வாயால் பிழையாகச் சொல்லவில்லை. வாசித்துவிட்டுப் பேசாமல் ஒதுக்கிவைத்தார்கள். அட்டை குத்தினால் இது மாறாது. பெயரை மறைத்து விண்ணப்பங்களைப் பார்க்கும் விதி வேண்டும், அதைக் கேட்கத் தொழிற்சங்கம் வேண்டும்.

இனி மற்றப் பாதி.

எங்கட ஆக்களுக்குப் பெரும்பாலும் குடும்பப் பெயர் கிடையாது. அப்பாவின் பெயரோ அதன் முதலெழுத்தோ முன்னால் வரும், அவ்வளவுதான். இங்கே படிவத்தில் இரண்டு பெட்டி. அதனால் எங்கட வீட்டில் இரண்டு குடும்பப் பெயர். அப்பாவின் பெட்டியில் அப்பப்பாவின் பெயர். அம்மாவின் பெட்டியில் அப்பாவின் பெயர். எனக்கும் அண்ணாவுக்கும் அதே அப்பாவின் பெயர். ஒருநாளும் கனடாவைக் கண்டிராத அப்பப்பாவைத்தான் அப்பாவின் தொழிற்சாலையில் இருபது வருஷமாக "மிஸ்டர்" போட்டுக் கூப்பிடுகினம். இதைச் சொல்லிச் சிரிப்போம். ஆனால் அம்மம்மாவின் பெயர் எங்கட வீட்டில் எந்தப் பத்திரத்திலும் இல்லை. அம்மாவின் பெட்டியில் முதலில் அவவின் அப்பா இருந்தார், பிறகு கணவர் வந்தார். இதற்கு ஒருவரும் சிரிப்பதில்லை.

"அது எங்கட பண்பாடு" என்று சொல்லுவினம். சரி, மொன்றியாலுக்குப் போய்ப் பாருங்கோ. கியூபெக்கில் 1981இலிருந்து கல்யாணம் கட்டினாலும் பெண் தன் பிறந்த பெயரிலேயே இருக்கவேண்டும் என்பது சட்டம். அங்கே இருக்கிற தமிழ்ப் பெண்களுக்கும் அதுதான். எந்தக் குடும்பமும் இதனால் குலையவில்லை. ரொறொன்ரோவில் பண்பாடாக இருப்பது ஐந்தாறு மணித்தியாலக் கார் ஓட்டத்தில் கரைந்துபோகிறது என்றால், அது பண்பாடு இல்லை, பழக்கம்.

பெட்டியை நிரப்புவது சின்ன விஷயமில்லை. 1860 முதல் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களின் கப்பல் பதிவேட்டில் பெயர், தகப்பன் பெயர், ஊர், சாதி எல்லாம் எழுதப்பட்டன. இன்று தென்னாபிரிக்காவில் பிள்ளை, படையாச்சி, மூட்லி என்பவை குடும்பப் பெயர்கள். பட்டம் பெட்டிக்குள் போய்ப் பூட்டுப்பட்டுவிட்டது. தமிழ்நாட்டில் நடந்தது நேரெதிர். 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விடச் சொன்னது. பெரியாரே 'நாயக்கர்' என்பதை விட்டார். பெயருக்குப் பின்னால் வால் இல்லாமல் இருப்பது தானாக வந்ததில்லை. ஆட்கள் போராடி வாங்கினது.

யாழ்ப்பாணக் கதை வேறு. அங்கே வாலே ஒரு சிலருக்குத்தான் அனுமதி. ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்தவர் பிள்ளைக்குக் 'கந்தையா' என்று பெயர் வைத்தாலும், ஆதிக்க சாதியினர் 'கந்தன்' என்றுதான் கூப்பிடுவார்கள். அறுபது வயதுக்காரரைப் பத்து வயதுப் பெடியன் "டேய் கந்தன்" என்பான். 1966 ஒக்டோபர் 21 சுன்னாகத்தில் புறப்பட்ட ஊர்வலத்தையும், அதன் பின் தேநீர்க்கடைகளிலும் கோயில் வாசல்களிலும் நடந்த போராட்டங்களையும் எங்கட கூட்டங்களில் நினைவுகூருகிறோம். தேநீர்க்கடையில் தனிப் பேணி வைத்த அதே புத்திதான் பெயரையும் வெட்டிக் கூப்பிட்டது. ஒருவரின் பெயரை வேண்டுமென்றே பிழையாகச் சொல்வது வெள்ளைக்காரர் கண்டுபிடித்த வித்தை இல்லை.

அது இங்கேயும் முடியவில்லை. ஸ்கார்பரோவில் பெயரைச் சொன்னதும் அடுத்த கேள்வி: "ஊரில எவடம்? அப்பான்ர பேர் என்ன?" சில வேளை உண்மையான பாசம்தான். பல வேளை அது சாதி கேட்கும் மரியாதையான வழி. கல்யாணப் பேச்சு என்றால் சந்தேகமே வேண்டாம்.

இதெல்லாம் எனக்கு இப்போது புத்தக விஷயம் இல்லை. அண்ணிக்கு அடுத்த மாதம் பிள்ளை பிறக்கப் போகிறது. வீட்டு வட்ஸ்அப் குழுவில் நாளுக்கு நாப்பது செய்தி. மாமாவுக்கு எண்சாத்திரம் பொருந்தவேணும். சித்திக்கு வெள்ளைக்காரருக்கு வாயில் நுழையவேணும். பெரியப்பாவுக்குத் தூய தமிழ் வேணும், 'ஷ'வும் 'ஜ'வும் கண்ணில் படக்கூடாது. பெரியப்பாவின் ஆசை எனக்கு விளங்குது. வேதாசலம் மறைமலையடிகள் ஆனது போலத் தன் பெயரைத் தானே மாற்றுவது ஒருவரின் உரிமை. ஆனால் அந்தத் தராசைத் தூக்கிக்கொண்டு மற்றவரின் பெயரை நிறுக்க வெளிக்கிட்டால், மன்னார்க் கரையில் தலைமுறை தலைமுறையாக இருக்கிற அந்தோனிப்பிள்ளையும் மரியதாசும் தமிழர் இல்லை என்றாகிவிடும். டிலக்ஷன் என்று பெயர் வாங்கின பெடியனும் எங்கட பெடியன்தான்.

இத்தனை செய்தியிலும் ஒருவரும் கேட்காத கேள்வி ஒன்று: குடும்பப் பெயர்ப் பெட்டியில் யாரைப் போடுவது? அண்ணி மட்டும் ஒருக்கால் கேட்டா. "என்ர பேரைப் போட்டால் என்ன?" ஒன்ராறியோவில் அதற்குத் தடை இல்லை. தாயின் பெயரைப் போடலாம், இரண்டையும் சேர்த்தும் போடலாம். குழுவில் அதற்குப் பதில் வரவில்லை, ஒரு சிரிப்புப் படம்தான் வந்தது. அண்ணி சொல்வதுதான் சரி என்று நான் அதே குழுவில் எழுதினேன். இங்கேயும் எழுதுகிறேன்.

ஆகவே அடுத்த செப்டெம்பரில் அட்டை குத்துவோம், ஆனால் மூன்று விஷயத்தைச் சேர்த்துக்கொள்வோம். வளாகத்தில் வேலைக்கு ஆள் எடுக்கும்போது பெயரை மறைத்து விண்ணப்பம் பார்க்கவேண்டும் என்று மாணவர் சங்கத்தையும் தொழிற்சங்கத்தையும் சேர்த்துக் கேட்போம். எங்கட கூட்டங்களில் புதிதாக வருகிறவரிடம் ஊரும் அப்பாவின் பெயரும் விசாரிப்பதை நிறுத்துவோம், அவர் சொல்கிற பெயரே போதும். கல்யாணப் பதிவோ பிறப்புப் பதிவோ செய்யப்போகிற தோழர்கள், கையெழுத்து வைக்க முதல் அந்தப் பெட்டியைப் பற்றி வீட்டில் வாய் திறந்து கதையுங்கோ. சண்டை வரும். வரட்டும்.