சராசரி காட்டாத வீடுகள்

2025 ஜூலையில் நாடாளுமன்றத்தில் எழுப்பப்பட்ட கேள்வி ஒன்றுக்கு மத்திய நிதித்துறை இணையமைச்சர் பங்கஜ் சௌத்ரி எழுத்துமூலம் அளித்த பதில், கர்நாடகத்துக்குப் பெருமை தேடித் தந்தது. 2011-12 விலைகளின்படி அம்மாநிலத்தின் தனிநபர் வருமானம் 2014-15-ல் ரூ. 1,05,697, 2024-25-ல் ரூ. 2,04,605. அவ்வாண்டுக்கான கணக்கு கிடைத்திருந்த மாநிலங்களுள் அதுவே முதலிடம். ரூ. 1,96,309 உடன் தமிழகம் அடுத்து நின்றது. பத்தாண்டுகளில் வருமானம் ஏறத்தாழ இரட்டிப்பாகிவிட்டது. யாருடைய வருமானம் என்பதுதான் அந்தப் பதிலில் இல்லை.

தனிநபர் வருமானம் என்பது மாநிலத்தின் நிகர உற்பத்தியை மக்கள்தொகையால் வகுத்துப் பெறும் எண். பெங்களூரில் ஈட்டப்பட்டு மும்பையிலும் அமெரிக்காவிலும் உள்ள பங்குதாரர்களைச் சென்றடையும் லாபமும் அதில் அடக்கம். எந்த வீட்டுச் சமையலறையிலும் அந்த எண்ணைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

பெங்களூரு பிரேசர் டவுனை எடுத்துக்கொள்வோம். 1898-ல் பரவிய கொள்ளைநோய்க்குப் பின், நெரிசலான கன்டோன்மென்ட்டிலிருந்து மக்களைக் குடியமர்த்த 1910-ல் உருவான பகுதி. இன்று அதன் பெயர் புலிகேசி நகர். தமிழர்களுக்கு நெடுங்காலமாகப் பழக்கமான இடம். பழைய பங்களாக்கள் இருந்த மனைகளில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்துள்ளன. அங்கிருந்து டேனரி சாலை வழியே தேவரஜீவனஹள்ளியை நோக்கிச் சென்றால், ஓரறை வீடுகளில் வாழும் தினக்கூலிக் குடும்பங்கள். ஐந்து வீடுகளின் மாத வருமானம் 12, 15, 18, 25 ஆயிரம், ஐந்தாவது வீட்டில் 5 லட்சம் என்று வைத்துக்கொண்டால் சராசரி ரூ. 1,14,000. நால்வருக்கு அது கனவு. வரிசையின் நடுவில் நிற்கும் 18 ஆயிரமே இடைநிலை வருமானம். ஐந்தாவது வீட்டின் வருமானம் 10 லட்சமானாலும் அது அசையாது.

எனினும் இந்த அளவுகோலையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிட இயலாது. வாடகை கட்ட முடியாத பழைய குடும்பம் நகரின் விளிம்புக்குப் பெயர்ந்து, அந்த இடத்தில் மென்பொருள் பொறியாளர் குடியேறினால், ஒருவருக்குக்கூட ஒரு ரூபாய் கூடாமலேயே பகுதியின் இடைநிலை வருமானம் உயரும். கூட்டுக் குடும்பம் இரண்டாகப் பிரிந்தால், எவரும் ஏழையாகாமலேயே குடும்ப வருமானம் குறையும். பெங்களூரு வாடகையையும் கலபுரகி கிராமத்து வாடகையையும் ஒரே விலைக் குறியீட்டால் சரிசெய்தால் கணக்கு இன்னொரு வகையில் பிசகும். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை மாநிலவாரியான இடைநிலைக் குடும்ப வருமானத்தை ஆண்டுதோறும் வெளியிடுகிறது. விலைவாசிக்கு ஏற்பத் திருத்தி, மாதிரிப் பிழை இவ்வளவு என்றும் சேர்த்தே சொல்கிறது.

நம் நாட்டில் அத்தகைய தொடர் எதுவும் இல்லை. 1950-களிலும் 60-களிலும் தேசிய மாதிரி ஆய்வில் வருமானம் பற்றிக் கேட்டுப் பார்த்தார்கள். 1983-84-லும் முன்னோட்ட ஆய்வு நடந்தது. மக்கள் சொன்ன வருமானம் அவர்களுடைய செலவைவிடக் குறைவாக இருந்ததால் முயற்சி கைவிடப்பட்டது. அரசுக்கு வெளியே, என்.சி.ஏ.இ.ஆர். நிறுவனமும் மேரிலேண்ட் பல்கலைக்கழகமும் 2004-05-ல் நடத்திய ஆய்வு, இந்தியக் குடும்பத்தின் ஆண்டுச் சராசரி வருமானம் ரூ. 47,804, இடைநிலை வருமானமோ ரூ. 27,857 என்று காட்டியது. 2011-12-ல் பெரும்பாலும் அதே குடும்பங்களையே மீண்டும் சந்தித்தார்கள். மாற்றத்தை அளக்க அதைவிட நல்ல வழி இல்லை.

இப்போது, முதன்முறையாக நாடு தழுவிய குடும்ப வருமான ஆய்வை 2026-ல் நடத்துவதாக மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் 2025 ஜூனில் அறிவித்து, சுர்ஜித் பல்லா தலைமையில் வல்லுநர் குழுவையும் அமைத்தது. ஆகஸ்டில் நடந்த முன்னோட்டத்தில் பெரும்பாலானோர் வருமான வரி பற்றிய கேள்விக்குப் பதிலளிக்க முன்வரவில்லை. வியப்பில்லை. கர்நாடகத்தில் வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளோருக்கான குடும்ப அட்டைக்கு ஆண்டு வருமான வரம்பு ரூ. 1.2 லட்சம். 2024 நவம்பரில் அட்டைகள் ரத்தானபோது எழுந்த கொந்தளிப்பில், அரசு ஊழியர், வருமான வரி செலுத்துவோர் தவிர மற்றவர்களுக்குத் திருப்பித் தர வேண்டிய நிலை அரசுக்கு ஏற்பட்டது. வாசலில் வந்து நிற்கும் அதிகாரியிடம் உண்மையைச் சொன்னால் அரிசி போய்விடுமோ என்று அஞ்சும் தாயைக் குறைகூற முடியுமா? வாங்கிய தகவல் வேறெந்தத் துறைக்கும் போகாது என்ற உறுதியை முதலில் அவர் நம்ப வேண்டும். 2023 முதல் கிருஹலட்சுமி திட்டத்தில் குடும்பத் தலைவிக்கு மாதம் வழங்கப்படும் ரூ. 2,000 வருமானத்தில் சேருமா என்பதையும் வினாப்பட்டியல் தெளிவாகச் சொல்லியாக வேண்டும்.

இது புள்ளியியலாளர்களின் பொழுதுபோக்கு அன்று. 15-ஆவது நிதிக்குழு வரிப் பகிர்வில் 45 விழுக்காடு எடையை ‘வருமான இடைவெளி’க்கு அளித்தது, அதற்கு அடிப்படை தனிநபர் உற்பத்திதான். கர்நாடகத்தின் பங்கு 4.713 விழுக்காட்டிலிருந்து 3.647 ஆகச் சரிந்தது. பெங்களூரின் செழிப்பைக் காட்டிக் கலபுரகியின் பங்கும் குறைக்கப்பட்டது என்றே இதற்குப் பொருள்.

மாநிலத்துக்குள் பெருநகரையும் பிற மாவட்டங்களையும் தனித்தனியே காட்டும் அளவுக்கு மாதிரி பெரிதாக இருக்க வேண்டும். குடும்பங்களில் ஒரு பகுதியையேனும் சில ஆண்டுகள் கழித்து மீண்டும் சந்திக்க வேண்டும். வெளியிடும் நாள் முன்கூட்டியே அறிவிக்கப்பட வேண்டும். 2017-18 நுகர்வுச் செலவு ஆய்வைத் தரம் போதாதென்று 2019 நவம்பரில் மத்திய அரசு ஒதுக்கிவைத்ததையும், அதனால் 2011-12-க்குப் பிறகு 2022-23 வரை பதினோரு ஆண்டுகள் இருட்டில் கழிந்ததையும் மறந்துவிடலாகாது. அடுத்த கூட்டத்தொடரில் தனிநபர் வருமானம் எவ்வளவு என்று கேட்கும் உறுப்பினர்கள், இடைநிலைக் குடும்ப வருமானம் எந்த நாளில் வெளிவரும், எத்தனை ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் என்பதையும் சேர்த்துக் கேட்கட்டும்.