ஜீப்புக்கு நட்சத்திரம் அடிக்கிறதுக்கு முன்னாடி ஆர்சி-யைப் பாருங்க!



ஞாயிற்றுக்கிழமை காலையில ஈசிஆர்-ல போனீங்கன்னா, கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவுல சில சமயம் பழைய ஜீப் ஒண்ணு கண்ணுல படும். ஆலிவ் கிரீன் பெயிண்ட், பானெட்ல வெள்ளை நட்சத்திரம், பின்னாடி ஜெர்ரி கேன், பக்கவாட்டுல மண்வெட்டி. பார்த்தா யாருக்கும் ஆசை வரும். எனக்கும் வந்திருக்கு.

போன மாசம் என்கிட்ட ஆலோசனைக்கு வந்த ஒரு தம்பிக்கு இந்த ஆசை முத்திப்போயிருந்தது. செங்கல்பட்டு பக்கம் வேலை, வயசு 28. "இரண்டாம் உலகப் போர் ஜீப் சார். வாங்கி ரெஸ்டோர் பண்ண 5 லட்சம் ஆகும். அப்புறம் விலை டபுள் ஆகும்னு சொல்றாங்க. பர்சனல் லோன் போடலாமா?"ன்னு கேட்டார். மொபைல்ல போட்டோவும் காட்டினார்.

போட்டோவைப் பார்த்ததும் ஒரு விஷயம் புரிஞ்சுது. பானெட் உயரமா இருந்தது, முன் கிரில்ல 7 துளை. அது சிஜே-3பி மாடல். வில்லிஸ் கம்பெனி அதை 1953-லதான் கொண்டு வந்தது. போர் முடிஞ்சது 1945-ல! போர்ல ஓடின வில்லிஸ் எம்பி-யும் ஃபோர்டு ஜிபிடபிள்யூ-வும் தாழ்வான பானெட்டோட, 9 துளை கிரில்லோட இருக்கும். சிஜே-3பி மோசமான வண்டி இல்லை. மஹிந்திரா பல வருஷம் இங்கேயே தயாரிச்சது. ஆனா அதுல அமெரிக்க ராணுவ நட்சத்திரத்தை அடிக்கிறது, போன வருஷம் கட்டின வீட்டுக்கு 1947 பத்திரம் காட்டுற மாதிரி.

என் கருத்து இதுதான்

மார்க்கிங் தானா மதிப்பைக் கூட்டாது. சேஸிஸ் நம்பரும் பேப்பரும் சொல்ற கதையோட மார்க்கிங் பொருந்தினாதான் மதிப்பு. பொருந்தலைன்னா அது வெறும் பெயிண்ட் செலவு. விவரம் தெரிஞ்சு வாங்குறவர் கிரில்லை எண்ணிப் பார்த்துட்டு விலையைக் குறைப்பார்.

சட்டம் என்ன சொல்லுது?

மத்திய மோட்டார் வாகன விதி 121 படி, ஆலிவ் கிரீன் நிறம் பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டும்தான். "போர்க்கால ஷேடு வேற சார், இது ஆலிவ் டிராப்"னு நீங்க வாதாடலாம். ரோட்டுல நிறுத்துற போலீஸ்காரர் கையில ஷேடு கார்டு இருக்காது. ராணுவத்தோட மேல்நோக்கிய அம்புக்குறி நம்பரையும் நம்பர் பிளேட்ல போடக் கூடாது. ஆர்சி-ல இருக்கிற நம்பர்தான் போடணும்.

வரலாறும் வேணும், சட்டமும் வேணும்னா வழி இருக்கு. போர்க்கால வண்டின்னா பச்சை மட்டும்தானா? வட ஆப்பிரிக்கப் பாலைவனத்துல ஓடின வண்டிகள் மணல் நிறம். அங்கே சண்டை போட்ட 4-வது இந்திய டிவிஷனோட சின்னம் சிவப்புக் கழுகு. அந்த டிவிஷனோட இருந்த மெட்ராஸ் சாப்பர்ஸ் கம்பெனியைச் சேர்ந்தவர்தான் சுபேதார் சுப்ரமணியன். 1944 பிப்ரவரி 24 அன்னிக்கு இத்தாலியில மிக்னானோ பக்கம், கூட இருந்தவங்களைக் காப்பாத்த கண்ணிவெடி மேல விழுந்து உயிரை விட்டார். இறந்த பிறகு ஜார்ஜ் கிராஸ் விருது கிடைச்சது. கையில உண்மையான போர்க்கால ஜீப் இருந்தா, சினிமாவுல பார்த்த அமெரிக்க நட்சத்திரத்தைவிட இந்தச் சிவப்புக் கழுகு நமக்கு எவ்வளவு நெருக்கம்! நிறத்தை மாத்தினா ஆர்சி-லயும் மாத்தணும், அதை மறக்காதீங்க.

இப்போ கணக்கு

5 லட்சம் பர்சனல் லோன், 14% வட்டி, 5 வருஷம்னு வெச்சுக்குங்க. மாசம் ஈஎம்ஐ சுமார் 11,634 ரூபாய். வட்டி மட்டும் கிட்டத்தட்ட 1.98 லட்சம். கடலோர உப்புக் காத்துல துரு பிடிக்கிற செலவு தனி.

"விண்டேஜ்னு பதிவு பண்ணிக்கலாமே?"ன்னு கேப்பீங்க. 2021 விதிப்படி முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டியிருக்கணும், பெரிய மாற்றம் எதுவும் செஞ்சிருக்கக் கூடாது. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், 10 வருஷத்துக்குச் செல்லும். ஆனா கண்காட்சி, ரேலி, பெட்ரோல் போடுறது, பராமரிப்பு மாதிரி காரணங்களுக்குத்தான் ரோட்டுல எடுக்கலாம். தினமும் ஆபீஸுக்கு ஓட்ட முடியாது.

இன்ஷூரன்ஸ்ல, 5 வருஷம் தாண்டின வண்டிக்கு ஐடிவி-யை நீங்களும் கம்பெனியும் பேசித்தான் முடிவு பண்ணணும். பில் இல்லாம என்னன்னு பேசுவீங்க? செஞ்ச மாற்றங்களைச் சொல்லாம விட்டா, கிளெய்ம் நேரத்துல அதுவே பிரச்சினை ஆகும்.

வரியும் இருக்கு. 1983-ல 20,000 ரூபாய்க்கு வாங்கின 1931 மாடல் ஃபோர்டு டூரர் காரை ஒருத்தர் பின்னாடி 21 லட்சத்துக்கு வித்தார். சொந்த உபயோகப் பொருள், அதனால வரி இல்லைன்னு வாதாடினார். உபயோகிச்சதுக்கு ஆதாரம் இல்லைன்னு சொல்லி, வரி உண்டுன்னு மும்பை உயர் நீதிமன்றம் 2025-ல தீர்ப்பு சொல்லிடுச்சு. விலை ஏறும்னு வாங்கி ஷெட்ல மூடி வெக்கிறவங்க இதை ஞாபகம் வெச்சுக்கணும்.

வரிசையா பண்ணுங்க

1. முதல்ல ஆர்சி, சேஸிஸ் நம்பர், ஏலத்துல வந்த வண்டின்னா அந்த ரசீது. மூணும் ஒத்துப்போகணும்.
2. அடுத்து பிரேக், ஸ்டீயரிங், சேஸிஸ் துரு.
3. பெயிண்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி உங்க ஆர்டிஓ-கிட்ட எழுத்துல கேளுங்க.
4. மார்க்கிங், ஜெர்ரி கேன், மண்வெட்டி எல்லாம் கடைசி. எல்லா பில்லையும் போட்டோவையும் ஒரே ஃபைல்ல வைங்க. நாளைக்கு விக்கும்போது அந்த ஃபைலுக்கும் விலை உண்டு.

ஜீப் வாங்காதீங்கன்னு நான் சொல்லலை. ஆசைக்குச் செலவு பண்றது தப்பே இல்லை. ஆனா அதுக்கு "முதலீடு"ன்னு பேர் வெச்சு கடன் வாங்காதீங்க. எமர்ஜென்சி ஃபண்டைத் தொடாம, சேர்த்து வெச்ச காசுல வாங்குங்க.

அந்தத் தம்பி லோன் போடலை. அதே 11,634 ரூபாயை மாசாமாசம் ஆர்டி-ல போட ஆரம்பிச்சிருக்கார். போட்டோ பார்த்தா கிரில் துளையை எண்ணவும் பழகிட்டார். போன வாரம் மெசேஜ் வந்தது: "சார், 9 துளை ஒண்ணு வந்திருக்கு. ஆனா பேப்பர் இல்லை. விட்டுட்டேன்!"

உங்ககிட்ட பழைய வண்டி இருந்தா கமென்ட்ல சொல்லுங்க. அடுத்த வீடியோவுல சந்திப்போம்.