தலையிலே தொப்பி! கையிலே என்ன?

வெள்ளைச் சட்டை, பழுப்பு நிறக் கால்சட்டை, நெடிய காலணி, தலையிலே வெள்ளைத் தொப்பி! 2018-ம் ஆண்டு அக்டோபர் 5-ம் நாள், கென்யா நாட்டுத் தலைநகர் நைரோபியின் வனப் பூங்காவிலே, இந்தக் கோலத்தில் வண்டியேறி வலம் வந்தார் மெலானியா டிரம்ப் அம்மையார், அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் துணைவியார். அம்மையார் வரிக்குதிரையைக் கண்டார், ஒட்டகச்சிவிங்கியைக் கண்டார். உலகமோ, அம்மையாரின் தொப்பியைக் கண்டது!

அப்படி என்ன தொப்பி அது? பழைய படங்களைப் புரட்டிப் பாருங்கள், தெரியும். சோலா தொப்பி! ஜமாபந்திக்கு வந்த கலெக்டர் துரையின் தலையில் இருந்த தொப்பி. சுட்டு வீழ்த்திய புலியின் பக்கத்திலே துப்பாக்கியோடு நின்ற துரைமகனின் தலையில் இருந்த தொப்பி. தஞ்சையிலே கோபுரமும் தேரும் செய்து கண்ணாடிப் பேழையில் வைக்கிறார்களே கைவினைஞர்கள், அந்த நெட்டியைக் கொண்டுதான் அந்நாளில் அதனைச் செய்தனர். நெட்டி நம் நாட்டுச் சதுப்பு நிலத்துச் செடி. தொப்பியோ நம்மை ஆண்டவரின் தலையில்! வெயிலைத் தடுக்கப் பிறந்ததுதான். ஆனால், ‘நான் ஆள வந்தவன், நீ அடங்கப் பிறந்தவன்’ என்று பேசாமற் பேசும் தொப்பியாகவும் அது ஆயிற்று.

நமக்கே இப்படியென்றால், கென்ய மக்களுக்கு எப்படி இருக்கும்? வளமான மேட்டு நிலங்களை வெள்ளையருக்கு ஒதுக்கிவிட்டு, மண்ணின் மைந்தரைக் கூலிகளாக்கியது அங்கே பிரிட்டிஷ் ஆட்சி. நிலத்தைக் கேட்டுக் கிளர்ந்தெழுந்தவர்கள் மீது 1952-ல் நெருக்கடி நிலையை ஏவியது. முள்வேலி முகாம்கள்! சித்திரவதை! தூக்குமரம்! அந்த முகாம்களிலே வதைபட்டு, முதுமை எய்தும்வரை உயிரோடிருந்தவர்கள் வழக்காடியதன் விளைவாக, 2013-ம் ஆண்டிலேதான் பிரிட்டிஷ் அரசு வருத்தம் தெரிவித்து, 5,228 பேருக்கு இழப்பீடு வழங்க ஒப்பியது. 1963-ல் விடுதலை பெற்ற நாடு. வடு இன்னும் ஆறவில்லை. அந்த வடுவின்மீதுதான் பட்டது தொப்பியின் நிழல்!

“ஒரு பெண் எதை உடுத்தினால் உங்களுக்கென்ன? ஆண்கள் அணியும் கோட்டின் விலையை எவராவது கேட்டதுண்டா?” என்று சீறுவோர் உண்டு. அந்தக் கேள்வியிலே நியாயம் இருக்கிறது. நாம் அதை மறுப்பவரல்ல. 2017 மே திங்களில், சிசிலித் தீவிலே பெருநாடுகளின் தலைவர்கள் கூடியபோது, ஐம்பதாயிரம் டாலருக்கு மேல் விலை பெறும் மேலங்கியோடு அம்மையார் தோன்றினார் என்று எழுதி எழுதி மாய்ந்தன ஏடுகள். அந்தக் கணக்கு நமக்கு வேண்டாம். அமெரிக்க அரசு தன் தலைவரின் துணைவியாருக்குச் சம்பளமும் தருவதில்லை. ஆடை வாங்கப் பணமும் தருவதில்லை. அவர் பணம், அவர் விருப்பம்! பெண்ணின் பட்டுக்கு விலை பேசுவது பத்திரிகைத் தொழிலும் ஆகாது, பண்பாடும் ஆகாது.

ஆனால், உடைக்குப் பேசத் தெரியாது என்று மட்டும் நம்மிடம் சொல்லாதீர்! தோளிலே சீலை போடும் உரிமைக்காகத் தென் திருவிதாங்கூரிலே நம் பெண்கள் அடிபட்டும் உதைபட்டும் போராடி, 1859-ல் அரசின் ஆணையைப் பெற்ற வரலாறு படைத்தவர்கள் நாம். ஒரு முழத் துணிக்குள்ளே எத்தனை ஆதிக்கம் ஒளிந்திருக்கும் என்பதை நமக்கு எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

அம்மையாருக்கும் அது தெரியாததல்ல. 2018 சூன் திங்களில், பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்ட குழந்தைகளைக் காண டெக்சாசுக்குப் புறப்பட்டபோது, ‘எனக்கு உண்மையிலே அக்கறையில்லை; உனக்கு?’ என்ற பொருள்பட எழுதிய சட்டையை அணிந்தார். அதிலே செய்தி எதுவும் இல்லை என்றார் அவரது பேச்சாளர். பிறகு, ஆப்பிரிக்கப் பயணத்தின்போது எடுக்கப்பட்டு, அக்டோபர் 12-ம் நாள் ஒளிபரப்பான பேட்டியிலே, தம்மைக் குறைகூறும் ஏடுகளுக்கு விடுத்த செய்திதான் அது என்று அம்மையாரே ஒப்புக்கொண்டார். சட்டை பேசும் என்றால், தொப்பி மட்டும் ஊமையா?

இனித்தான் நாம் முக்கியமாகச் சொல்ல வந்தது.

கென்யாவுக்கு அடுத்த நாள் எகிப்து. பிரமிடுகளின் அருகே நின்று, ‘நான் உடுத்துவதைப் பார்க்காதீர்கள், செய்வதைப் பாருங்கள்’ என்ற கருத்துப்பட நிருபர்களிடம் வேண்டிக்கொண்டார் அம்மையார். நல்ல வேண்டுகோள்! ஏற்றுக்கொள்கிறோம். செய்ததைப் பார்ப்போம், வாருங்கள்.

கானா நாட்டிலே மருத்துவமனைக்குச் சென்று குழந்தைகளைக் கண்டார். கேப் கோஸ்ட் கோட்டையிலே, கறுப்பின மக்களை அடைத்து வைத்துக் கப்பலேற்றிய நிலவறையைப் பார்த்தார். மலாவியிலே, 8,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளும் நூற்றுக்கும் குறைந்த ஆசிரியர்களும் உள்ள தொடக்கப்பள்ளிக்குச் சென்றார். புழுதித் தரையிலே அமர்ந்து படிக்கும் அந்தப் பிள்ளைகளுக்கு அமெரிக்கா வழங்கிய பாடநூல்கள் அங்கே ஒப்படைக்கப்பட்டன. அந்த நூல்களைத் தந்தது யு.எஸ்.எய்ட் என்னும் அமெரிக்க அயல்நாட்டு உதவி நிறுவனம். அந்நிறுவனத்தின் துணையோடு நடந்த பயணம் அது. அதன் பணியைப் பாராட்டிப் பேசத்தான் அம்மையார் போனார்.

துணைவியார் பாராட்டப் போனார். துணைவர் என்ன செய்துகொண்டிருந்தார்? வெளியுறவுத் துறைக்கும் அந்த உதவி நிறுவனத்துக்கும் ஒதுக்கும் பணத்தில் ஏறத்தாழ 30 விழுக்காட்டை வெட்டவேண்டும் என்று அந்த ஆண்டுகளில் வரவு-செலவுத் திட்டம் நீட்டிக்கொண்டிருந்தார்! காங்கிரசு மன்றம் மறுத்ததால் அன்று கத்தி இறங்கவில்லை. 2025 சனவரியில் மீண்டும் பதவி ஏறினார். ஏறிய அன்றே அயல்நாட்டு உதவிகளை நிறுத்திவைக்க ஆணையிட்டார். மார்ச் திங்களில், அந்நிறுவனத்தின் திட்டங்களில் 83 விழுக்காடு ஒழிக்கப்பட்டன என்று அறிவித்தார் வெளியுறவு அமைச்சர் ரூபியோ. சூலை முதல் நாள், உதவி வழங்கும் பணியை அந்நிறுவனம் நிறுத்திக்கொண்டது. மலாவியிலே பாடநூல் நீட்டிய கை, மடங்கிப் போயிற்று!

இந்தக் குற்றத்தை அம்மையாரின்மீது நாம் சுமத்தவில்லை. வாக்குப் பெற்றுப் பதவி ஏறியவரல்ல அவர். ஆணையிலே கையெழுத்திட்டவரும் அல்ல. நாம் கேட்பது நம்மை நாமே கேட்கும் கேள்வி. தொப்பிக்காக அன்று கொட்டிய மையிலே, அந்தப் பாடநூல்களுக்காகக் கொட்டியது எத்தனை துளி? மலாவிப் பள்ளியின் பெயர் உங்களில் எவருக்காவது நினைவிருக்கிறதா? சிபாலா என்பது அதன் பெயர். தொப்பி நினைவிருக்கிறது, பள்ளி நினைவில்லை. ஏடு நடத்தும் நாமும் இந்தக் குறைக்கு விலக்கல்ல.

இது இன்று நேற்று வந்த நோயுமல்ல. 1961 மே திங்களின் கடைசி நாளில், கென்னடி தம் துணைவியாரோடு பாரிசுக்குச் சென்றார். வெர்சாய் மாளிகை விருந்திலே, பிரெஞ்சுத் தையற்கலைஞர் ழிவான்ஷி ஆக்கித் தந்த ஆடையில் ஜாக்குலின் அம்மையார் பொலிந்ததை இன்றும் படம் போட்டுக் காட்டுகிறார்கள். மனைவியோடு பாரிசுக்கு வந்தவன் நான் என்று கென்னடியே நகைச்சுவையாகத் தம்மை அறிமுகம் செய்துகொண்டதையும் மறக்காமல் சொல்கிறார்கள். அதே 1961 நவம்பர் திங்களிலேதான், அதே கென்னடி, யு.எஸ்.எய்ட் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். ஆடை ஆறு தலைமுறைக்கும் நிற்கும்போலிருக்கிறது; நிறுவனமோ அறுபத்து நான்கு ஆண்டிலே அடங்கிவிட்டது. ஆடைக்குக் கிடைத்த கவனத்திலே பாதியாவது அதற்குக் கிடைத்திருந்தால், இத்தனை எளிதாக இழுத்து மூடியிருக்க முடியுமா?

ஏழை நாடுகளுக்கு வல்லரசு தரும் உதவியெல்லாம் தூய கருணை என்று நம்பும் ஏமாளிகளல்ல நாம். கொடுப்பதிலே கணக்கு உண்டு, எதிர்பார்ப்பு உண்டு. ஆனால், அரசியல் கணக்குப் பார்த்து வந்த புத்தகமாயினும், பிள்ளையின் கையிலே அது புத்தகந்தான்!

ஆகவே சொல்கிறோம்: தொப்பியைக் கண்டிப்பது தவறன்று, கண்டிக்கத்தான் வேண்டும். அடிமைப்பட்டிருந்த நாட்டுக்கு அரசு விருந்தாளியாகப் போகிறவர், அங்குள்ள மக்களின் புண் எது என்று கேட்டறிந்துவிட்டு உடுத்தவேண்டும். அதைச் சொல்ல ஒரு பத்தி போதும். மீதிப் பக்கத்தை, அந்தக் கை எதைக் கொடுத்தது, எதைப் பறித்தது என்பதற்கு ஒதுக்குவோம்.

நாளை இன்னொரு தலைவரின் துணைவியார், இன்னொரு ஏழை நாட்டிலே, விமானப் படிக்கட்டில் இறங்குவார். படக்கருவிகள் பாய்ந்தோடும். அப்போது தலையைப் பார்த்த கண், சற்றே கீழே இறங்கட்டும். தொப்பி பேசுவதைக் கேட்போம். கை செய்வதையும் கணக்கெடுப்போம்!